வலப்பக்கத் தகடு

ஆர்லோ ஹெக்மனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் வட்டாரக் கார் சங்கத்தார் கேட்டார்கள். மனுஷன் போன பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். அவர் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் பெயிண்ட் அடித்தவள் என்ற முறையில் என்னைக் கேட்டது சரிதான். எழுதிக் கொடுத்தேன். தங்கமான மனுஷன், கைசுத்தமும் வாய்சுத்தமும் உள்ளவர் என்று எழுதினேன். 'வாய்சுத்தம்' என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. நின்றாலும் எழுதித்தான் கொடுத்தேன். படித்துவிட்டு இரண்டு பேர் அழுதார்களாம். அங்கே எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அதில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு.

ஆர்லோ எங்கள் லபீர் ஊருக்கு வடக்கே சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் விளைவித்த குடும்பத்தில் நான்காவது பிள்ளை. மண் வேலை பிடிக்காமல் பத்தொன்பது வயதில் கார்த் தொழிற்சாலைக்கு ஓடிப்போனார். பதினோரு வருஷம் ஒரே இடத்தில் நின்று கதவு மாட்டினார். ஆள்குறைப்பு வந்தபோது வெளியே தள்ளினார்கள். ஊருக்குத் திரும்பி, மூடிக் கிடந்த ஒரு டிராக்டர் கடையைப் பிடித்துப் பட்டறை போட்டார். முதல் மனைவி சொல்லாமல் போனாள். இரண்டாவது மனைவி, "நீ என்கூடவா குடும்பம் நடத்துற, தகட்டுகூடல்ல நடத்துற" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அந்தம்மா சொன்னதும் பொய்யில்லை. நெளிந்த தகட்டைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று கை சொல்லிவிடும். நாங்கள் பட்டி பூசி மறைப்பதை அவர் சுத்தியலாலேயே நேராக்கிவிடுவார்.

அவர் வாயில் ஓயாமல் வரும் பேச்சு ஒன்று உண்டு: "ரெண்டு பக்கமும் அள." அந்தக் காலத்துக் கார்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. அரை அங்குலம், சில சமயம் முக்கால் அங்குலம் வித்தியாசம் வரும். தொழிற்சாலையில் நின்றவர் ஆயிற்றே, அவருக்கு அது நன்றாகத் தெரியும். "இந்தப் பக்கம் செஞ்சவனும் அந்தப் பக்கம் செஞ்சவனும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்த்ததே இல்லடா. அளக்காம நம்பினா நீதான் முட்டாள்" என்று, யோசனை கேட்டு வருகிறவர்களை எல்லாம் காய்ச்சி எடுப்பார். அதைக் கேட்பதற்காகவே சிலர் வேண்டுமென்றே தப்பாக எதையாவது சொல்லி வைப்பார்கள்.

என்னை வேலைக்கு எடுத்த கதையையும் சொல்லியாக வேண்டும். பெண்பிள்ளைக்குப் பெயிண்ட் வேலை கிடையாது என்று நான்கு பட்டறைகளில் விரட்டியிருந்தார்கள். ஐந்தாவதாக இங்கே வந்தேன். ஆர்லோ என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பழைய பானெட்டைக் காட்டி, "அடிச்சுக் காட்டு" என்றார். அடித்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அடிச்சது ஆம்பளையா பொம்பளையான்னு பெயிண்டுக்கா தெரியப்போகுது? திங்கக்கிழமை வந்துடு" என்றார். அவ்வளவுதான் பேட்டி. அன்றிலிருந்து அந்த மனுஷனை ஒருவர் ஒரு சொல் சொன்னால் நான் சும்மா விடமாட்டேன். என்னிடம் இருந்த நல்ல குணம் அது ஒன்றுதான். வினையும் அதில்தான் வந்தது.

ஓர் அக்டோபர் மாதம் வாலி நோவக் தன் அறுபத்தாறாம் வருஷத்து ஜி.டி.ஓ. காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் அந்த வண்டியை எல்லாரும் செல்லமாக 'ஆடு' என்றுதான் சொல்வோம். இருபது வயதில் முதல் சம்பளக் காலத்தில் வாங்கியது. பிறகு வேலை போய், பிழைப்புக்காக டெக்சாஸுக்குப் போனபோது, "ரெண்டு வருஷம் பார்த்துக்க அக்கா" என்று அக்கா ஜெரியின் களஞ்சியத்தில் விட்டுவிட்டுப் போனார். இரண்டு வருஷம் இருபத்தொன்பது வருஷமானது. இப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார்.

அன்று ஜெரி அக்காவும் தன் வேனில் பின்னாலேயே வந்து இறங்கினார். எழுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர். ஊரில் பாதிப் பேர் அவர் பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்கள்தான். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்டியரிங்கை விடவில்லை. செவ்வாயும் வியாழனும், வீட்டைவிட்டு வெளியே வர முடியாத கிழவர் கிழவிகளுக்குச் சூடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்.

"பனி விழறதுக்கு முன்னாடியே நாலு சக்கரத்தையும் தூக்கி முட்டுக் கொடுத்துடுவேன்" என்று அவர் கணக்கு ஒப்பித்தார். "எலி வராம அந்துருண்டை. புகைக்குழாயில இரும்பு நார். வருஷா வருஷம் டிக்கி வழியா நீளக் குழாய விட்டு, சக்கரத்துக்கு மேல ரெண்டு தகட்டுக்கு நடுவுல துரு வராம எண்ணெய் பீச்சிடுவேன். என் புருஷன் இருந்த காலத்துல, 'எனக்கு முதுகு வலிச்சா ஒரு சொட்டு எண்ணெய் தேய்க்க மாட்ட, உன் தம்பி வண்டிக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு அபிஷேகம்'னு புலம்புவாரு."

ஆர்லோ விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். ஐந்து நிமிஷம் கழித்து என்னைக் கூப்பிடும் குரல் மட்டும் வந்தது.

"பெவ், இங்க வா. கீழ பாரு. பனி உருக உப்பு கொட்டுற நம்ம ரோட்டுல ஓடின வண்டியாம்மா இது? ஒரு பொட்டுத் துரு இல்ல." வெளியே வந்து ஜெரி அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டார். "தாயே, நீங்க என்னையும் அந்தக் களஞ்சியத்துல இருபது வருஷம் போட்டு வெச்சிருக்கலாம்."

"உன்னையா? அந்துருண்டைக்குக் கட்டுப்படியாகாதுப்பா."

வாலி அவசரக்காரர். "அக்கா புராணம் போதும். எனக்கு இத பூட்டி வெச்சு அழகு பாக்க வேணாம் ஆர்லோ. வெளிய பார்த்தா அறுபத்தாறு. மிதிச்சா, சிக்னல்ல பக்கத்துல நிக்கிற புது வண்டிக்காரன் வீட்டுக்குப் போய் அழணும். ஆகஸ்ட் மாசம் வுட்வர்ட் ரோட்டுப் பழைய கார் ஊர்வலத்துக்கு ரெடியாகணும்."

"அழ வையுங்க, யார் வேணாம்னா" என்றார் ஜெரி அக்கா. "ஆனா வெளித் தகட்டுல மட்டும் கை வெக்காதீங்க. ஒரு துண்டுகூட மாத்தாத வண்டி இது. இந்த ஜில்லாவுல வேற காட்டு பார்ப்போம்."

"உள்ள மட்டும் கொஞ்சம் வெட்டுவேன். வெளித் தகட்டத் தொட்டா என் கை அழுகிப் போகட்டும்" என்றார் ஆர்லோ. அவர் அப்படித்தான், எதற்கெடுத்தாலும் கையைப் பணயம் வைப்பார்.

குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. ஆறரை லிட்டர் எஞ்சின் போய் ஏழரை லிட்டர் வந்தது. சிலிண்டர்களுக்கு மேலே இரும்புத் தலைகளுக்குப் பதில் அலுமினியத் தலைகள். பெட்ரோலை அளந்து பீச்ச ஒரு குட்டிக் கணினி. சக்தி அளக்கும் கருவியில் ஓட்டிப் பார்த்ததில் அறுநூற்றிருபது குதிரைத்திறன் காட்டியது. ஐந்து கியர் பெட்டி, அகலமான டிஸ்க் பிரேக், சட்டத்துக்குப் புது வலு. இவ்வளவு சக்தியும் தரையில் இறங்க வேண்டுமென்றால் பின்னால் அகலமான டயர் வேண்டும். அதற்காகச் சக்கரக் குழியை உள்பக்கமாக வெட்டி அகலப்படுத்தினார் ஆர்லோ. அந்த வெல்டிங்கைப் பார்த்தால் அங்கே வெட்டினார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

இனி பின் அச்சையும் ரிம்மையும் அளவு சொல்லிச் செய்யச் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் ஒரு நாள், இடப்பக்கம் அளந்து ஓர் அட்டையில் குறித்துக்கொண்டிருந்தபோது ரிம் செய்கிறவன் தானாகவே போன் பண்ணினான். ஆர்லோ அட்டையைப் பார்த்து அளவைச் சொன்னார். "ரெண்டு பக்கமும் அதேதான்" என்றார். நான் பத்தடி தள்ளி நின்று பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தேன். வலப்பக்கத்துக்கு அவர் போகவே இல்லை என்பது எனக்குத் தெரியும். என்னவோ உறுத்தியது. ஆர்லோவுக்கு அளக்கச் சொல்ல நான் யார் என்று நினைத்துக்கொண்டு கலக்குவதைத் தொடர்ந்தேன்.

மே கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்தது. மாட்டினோம். இடப்பக்கம் விரல் நுழையும் இடைவெளியோடு அழகாக உட்கார்ந்தது. வலப்பக்கம் டயர் அரை அங்குலத்துக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டு, சக்கரத்துக்கு மேலே வளையும் தகட்டின் விளிம்பில் இடித்தது. ஆர்லோ டேப்பை எடுத்து வலப்பக்கம் அளந்தார். இடப்பக்கம் அளந்தார். மறுபடி வலப்பக்கம். பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்து, கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், இதுக்கா இடிஞ்சு போய் உக்காந்துட்ட?" என்றேன். "அந்தப் பக்கத்துக்கு மட்டும் வேற ரிம் செய்யச் சொல்லு."

"கேட்டாச்சு. பதிமூணு வாரம்கறான். ஊர்வலம் போயிடும்."

"போகட்டும். வாலிகிட்ட சொல்லிடு."

"என்னன்னு சொல்றது?" குரல் உடைந்திருந்தது. "ஊருக்கே பாடம் எடுத்தவன், ஒரு பக்கம் அளக்க மறந்துட்டேன்னா? நாளைக்கே லபீர் முழுக்கச் சிரிக்கும் பெவ்."

சிரித்திருக்கும்தான். ஒரு மாதம் சிரித்திருக்கும், பிறகு வேறு ஒருவனைப் பிடித்திருக்கும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

முதலில் வண்டியின் மேல்கூட்டை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்திக் கூட்டையே நகர்த்திப் பார்த்தார். கால் அங்குலம் கிடைத்தது, போதவில்லை. அப்புறம் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலையைச் செய்தார். டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் பேஸ்பால் மட்டையைச் செருகி வண்டியை முன்னும் பின்னும் உருட்டினால், மட்டை உருண்டு விளிம்பை மடக்கிக்கொண்டே போகும். சாதாரணத் தகட்டுக்கு அது சரி. அந்த வண்டியின் இடுப்பில் ஒரு வளைவு இருக்கிறதே, அதன் அழகே அதுதான், அது மட்டையின் அழுத்தம் தாங்காமல் டப்பென்று உள்ளே போனது. ஆர்லோ சூடு காட்டி இழுத்தார். தண்ணீர்த் துணி வைத்துச் சுருக்கினார். பதற்றத்தில் செய்த வேலை. தட்டத் தட்ட அந்தத் தகடு நனைந்த அப்பளம் மாதிரி ஆகிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் அதை முழுசாக அறுத்து எடுத்துவிட்டு, கடையில் விற்கும் புதுத் தகட்டை வாங்கி வந்து, டயருக்கு இடம் விட்டு ஒட்டினார்.

பாதி ஒட்டியிருக்கும்போது வாலி வந்து நின்றார்.

"என்னப்பா இது? தகடு எங்க?"

ஆர்லோ நிமிரவில்லை. "துரு" என்றார்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது என்று பின்னால் என்னிடம் சத்தியம் பண்ணினார். நான் நம்புகிறேன். எங்கள் ஊரில் துரு என்று சொல்லிவிட்டால் போதும், டாக்டர் கட்டி என்று சொன்ன மாதிரி, எவரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனாலும் வாலி கேட்டார்.

"அன்னைக்குக் கீழ பார்த்துட்டு ஆகா ஓகோன்னியே?"

"கீழ நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு தகட்டுக்கு நடுவுல வெளிய தெரியாது பாரு. அறுத்தப்புறம்தான் தெரிஞ்சுது. பொடிப்பொடியா உதிருது."

"அங்கதான எண்ணெய் பீச்சினேன்னு அக்கா சொன்னா?"

ஆர்லோ வெல்டிங் முகமூடியை முகத்தில் இறக்கிக்கொண்டார். "என்னத்தச் சொல்றது வாலி. பீச்சியிருந்தா இப்படி ஆகியிருக்காது."

இதுதான் அந்தப் பொய். மூன்று மூச்சில் முடிந்துவிட்டது. தன் தப்பை மறைக்கத் துரு மேல் பழி போட்டதாகத்தான் அவர் நினைத்தார். அது நேரே போய் ஜெரி அக்கா தலையில் விழும் என்று அந்த நிமிஷம் அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வாலி வெளியே போய்க் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

நான்கு நாள் கழித்து ஜெரி அக்கா வந்தார். எப்போதும் வாசலிலேயே கலாட்டா பண்ணிக்கொண்டு வருகிறவர், அன்று கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆர்லோ, அந்தத் தகட்டக் கொஞ்சம் காட்டேன்."

"எந்தத் தகடு?"

"துருப்பிடிச்சதுன்னியே. நான் எங்க விட்டுட்டேன்னு பாக்கணும்."

அந்தத் தகடு எங்கள் தலைக்கு மேல்தான் இருந்தது. பரண்மேல், கம்பளியில் சுற்றி. ஆர்லோவால் அதைப் பழைய இரும்புக்குப் போட முடியவில்லை. "அதெல்லாம் போன வாரமே இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்.

ஜெரி அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ பார்த்தியா பெவ்?"

நான் என்ன செய்திருக்கலாம் என்று ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். பெயிண்ட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். இருமியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூட அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கும். நான் ஆர்லோ முகத்தைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனுஷன் என்னிடம் கண்ணால் கெஞ்சினார்.

"பார்த்தேன்கா" என்றேன். "துருதான். அள்ளுற மாதிரி இருந்துச்சு."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "பீச்சினேன்னுதான் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார், யாரிடமோ சொல்வது போல. "வருஷா வருஷம், நல்லாவே ஞாபகம் இருக்கு." அப்புறம் எங்கள் இருவருக்கும் நன்றாக வேலை நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் அடித்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. முழுக்க வழிந்திருந்தது.

ஜூலை நடுவில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தார் உருகும் வெயிலில், நெடுஞ்சாலை ஓரமாக ஜெரி அக்கா நடந்து போய்க்கொண்டிருந்தார். கையில் கடைப் பை. வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டேன்.

"வேன் எங்கக்கா? ரிப்பேரா?"

"வேன் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ரிப்பேர்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சாவிய வாலிகிட்ட குடுத்துட்டேன்."

"ஏன்?"

"எங்கம்மா எப்படிப் போனாங்கன்னு உனக்குத் தெரியாதில்ல. முதல்ல இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்ப அணைச்சுட்டேன்னு அடிச்சுச் சொல்லுவாங்க, போய்ப் பார்த்தா எரிஞ்சிட்டிருக்கும். கடைசி நாலு வருஷம் என்னையே யாருன்னு கேட்டாங்க." பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "நான் அந்த எண்ணெய பீச்சினது எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது பெவ். கையில ஒட்டினது, அந்த வாசனை, எல்லாம். ஆனா நடக்கவே இல்லங்கறீங்க. நடக்காத ஒண்ணு இவ்வளவு நல்லா ஞாபகம் இருக்குன்னா, வேற எதெல்லாம் நான் இப்படி நினைச்சுட்டிருக்கேன்? சாப்பாடு கொண்டு போறப்ப ஒரு சிவப்பு விளக்கப் பச்சைன்னு நினைச்சுட்டா? குறுக்க ஒரு குழந்தை வந்துட்டா?"

"டாக்டரப் பார்த்தீங்களா?"

"செப்டம்பர்ல தேதி குடுத்திருக்காங்க." கொஞ்ச தூரம் போனபின், "முதல்ல வாலி கத்தினான். அது தேவலாம் போல இருந்துச்சு. இப்ப கத்தறதில்ல. ரொம்ப அன்பாப் பேசறான். அதுதான் பயமா இருக்கு" என்றார்.

அவர் வீட்டுக்கு நான்கு மைல். நான்கு மைலும் ஒரே ஒரு வாக்கியம் என் தொண்டையில் இருந்தது: 'அக்கா, அது பொய்.' சொல்லிவிட்டால் ஆர்லோவைக் காட்டிக்கொடுத்தவளாவேன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். வெறும் சாக்குதான். என் முகத்தைப் பார்த்து அந்த அம்மா என்ன நினைப்பார் என்ற பயம்தான் நிஜம். "ஒண்ணும் ஆகாதுக்கா, தைரியமா இருங்க" என்று சொல்லி இறக்கிவிட்டேன். பை கனமாக இருக்கிறதே என்று வாசல்வரை தூக்கிக்கொண்டுவேறு போனேன். எவ்வளவு நல்லவள் பாருங்கள் நான்.

நேரே பட்டறைக்குப் போய் ஆர்லோவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சாண்ட்பேப்பரை வைத்துக்கொண்டு அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகும் தேய்த்தார்.

"யோவ், பேசுய்யா."

"ஊர்வலம் முடியட்டும்" என்றார். "வாலி ஒரு தடவ சந்தோஷமா ஓட்டட்டும். அப்புறம் சொல்லிடறேன்."

"அதுவரைக்கும் அந்தம்மா பைத்தியம்னு நினைச்சுட்டு இருக்கணுமா?"

அவர் தேய்ப்பதை விடவில்லை. நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சாவி என் பையில் இருந்தது, வண்டி வாசலில் நின்றது. அவரைத் திட்டித் தீர்த்ததோடு என் கடமை முடிந்ததாக எண்ணிக்கொண்டு பெயிண்ட் அறைக்குள் போனேன். ஐந்து வாரம் அப்படியே ஓடியது.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை. வுட்வர்ட் சாலை நெடுக மடக்கு நாற்காலி போட்டு ஜனம் உட்கார்ந்திருந்தது. வாலியின் 'ஆடு' வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது என்று சொன்னால் மிகையில்லை. கருநீலம். நான் அடித்ததிலேயே நல்ல பெயிண்ட் அதுதான், அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எஞ்சின் சும்மா நின்று உறுமினாலே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வலப்பக்க இடுப்பு இடப்பக்கத்தைவிட அழகாக இருந்தது.

வாலி வண்டியைப் புல்வெளியில் ஏற்றி நிறுத்திவிட்டு அக்காவுக்கு நாற்காலி போட்டார். தொப்பியைச் சரி பண்ணிவிட்டார். குனிந்து, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, "அக்கா, இது வுட்வர்ட் ரோடு. சரியா? நான் இங்கயேதான் இருப்பேன். நீ எழுந்து எங்கயும் போகக் கூடாது" என்றார்.

"தெரியும்டா" என்றார் ஜெரி அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சின்னக் குரலில். முப்பத்தொரு வருஷம் அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கிய குரல் அது.

ஆர்லோ பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் திரும்பித் தன் பிக்கப் வண்டிக்கு நடந்தார். கம்பளி மூட்டையோடு திரும்பி வந்தார். அதை அவர் காலையிலேயே வண்டியில் ஏற்றியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. ஜெரி அக்கா முன்னால் புல்லில் மண்டி போட்டுக் கம்பளியைப் பிரித்தார்.

"அக்கா, இது உங்க தகடு. இதுல துரு இல்ல. ஒரு பொட்டுகூட இல்ல. நான் ஒரு பக்கம் அளக்க மறந்துட்டேன். மறைக்கப் போய் மட்டையால நெளிச்சேன். அப்புறம் பொய் சொன்னேன்."

"நானும் சொன்னேன்கா" என்றேன். "அள்ளுற மாதிரி இருந்துச்சுன்னு சொன்னேனே, பொய்."

வாலி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு ஆர்லோ சட்டையைப் பிடித்துத் தூக்கினார். ஆர்லோ தூக்கவிட்டார். ஜெரி அக்கா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தகட்டைத் திருப்பி உள்பக்கம் விரலை வைத்தார். ஒட்டியது. மோந்து பார்த்தார்.

"இது நான் பீச்சினதுதானே?"

"நீங்க பீச்சினதுதான்" என்றார் ஆர்லோ, வாலியின் பிடியிலிருந்தபடியே.

"வருஷா வருஷம்?"

"படிஞ்சிருக்கறதப் பார்த்தா ஒரு வருஷம்கூட விட்டுப் போகலக்கா."

ஜெரி அக்கா அழ ஆரம்பித்தார். வாலியின் கை தானாகத் தளர்ந்தது. அவர் அக்காவைப் பார்த்தார். இருபத்தொன்பது வருஷம் வண்டியைப் பார்த்துக்கொண்டவள் சொன்னதை விட்டுவிட்டு, அன்றைக்குத் துரு என்று சொன்னவனை நம்பியது அவருக்கு இப்போது உறைத்திருக்கும். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வசவுக்குக் காத்திருந்தேன். கைப்பையால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். ஜெரி அக்கா எழுந்து, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய கையாலேயே ஆர்லோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நன்றிப்பா" என்றார். "எனக்கு ஒண்ணும் இல்ல. என் தலை நல்லாத்தான் இருக்கு. நல்ல வேளை, நீ வந்து சொன்ன."

"அக்கா, நன்றி சொல்லாதீங்க. திட்டுங்க."

"எதுக்குத் திட்டணும்? எங்கம்மா மாதிரிப் போயிடுவேனோன்னு ராத்திரி பகல் தூக்கமில்லாம இருந்தேன். இனிமே தூங்குவேன்." என் கன்னத்தைத் தட்டினார். "உனக்கும்தான் பெவ். ரொம்ப நன்றிம்மா. வாலி, எந்திரிடா. வேன் சாவிய எங்க வெச்சிருக்க? செவ்வாய்க்கிழமை எனக்குச் சாப்பாடு கொண்டு போகணும்."

பிறகு கூடையைத் திறந்தார். காலையில் அவர் கையால் செய்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. பசிக்கும் உங்களுக்கு, வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று சொல்லி, முதலில் ஆர்லோவுக்கு இரண்டும் எனக்கு இரண்டும் எடுத்துக் கொடுத்தார். ஆர்லோ வாங்கிக்கொண்டார். அவரால் அதை வாயில் வைக்க முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. சாலையில் வண்டிகள் எல்லாம் போய் முடியும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.